திறப்பு யார் கையில்?



பிரயாணம் போகுமுன் நாம் எல்லோரும் மறக்காமல் செய்கிற வேலை ஒன்று உண்டு. பெட்டியைப் பூட்டுகிறோம். சரியாகப் பூட்டுப்பட்டதா என்று இரண்டு தடவை இழுத்தும் பார்க்கிறோம். ஆனால் 'போன இடத்தில் இதைத் திறக்க முடியாமல் போனால் என்ன செய்வது?' என்று தன்னைத் தானே கேட்டுக் கொள்பவர் நம்மில் எத்தனை பேர்? கள்வனுக்குப் பயந்து பூட்டு வாங்குகிறோம். அதே பூட்டு ஒரு நாள் நம்மையே வெளியில் நிறுத்தக் கூடும் என்று நினைப்பதில்லை.

சின்ன விஷயம்தானே என்று சிலர் இந்தப் பக்கத்தைப் புரட்டக் கூடும். கொஞ்சம் பொறுங்கள். பிரயாணப் பெட்டியில் தொடங்குகிற இந்தக் குறை, கடையின் இரும்புப் பெட்டிக்கும் கணக்குக் கொப்பிக்கும் வந்து, கடைசியில் நாம் இல்லாத காலத்தில் நம் பிள்ளைகளின் தலையில் விழுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

திரியாய் மலையில் தங்கிய பேழை

நமது திருகோணமலை மாவட்டத்திலேயே இதற்கு மிகப் பழைய கதை ஒன்று இருக்கிறது. திருகோணமலை நகரிலிருந்து புல்மோட்டைக்குப் போகும் வீதியில் நிலாவெளி, குச்சவெளியைத் தாண்டி, ஏறக்குறைய 45 கிலோமீற்றரில் திரியாய் வருகிறது. கடலுக்குப் பக்கத்து ஊர். அங்கே ஒரு மலையும், மலைமேல் கற்றூண்கள் சூழ்ந்த பழைய பௌத்த தூபி ஒன்றும் உண்டு. கிரிஹண்டு சைத்தியம் என்று சொல்வார்கள். இன்று அந்த மலையைச் சுற்றிக் காணிப் பிரச்சினைகள் பேசப்படுகின்றன. அது வேறு கட்டுரைக்குரியது. நான் சொல்ல வந்தது இரண்டு வியாபாரிகளின் கதை.

அவர்களின் பெயர் தபஸ்ஸு, பல்லுக. புத்தரின் காலத்தில் வண்டிகளில் சரக்கு ஏற்றித் தூர தேசம் போய் வந்த வணிகர்கள் என்று பௌத்த மரபு சொல்கிறது. புத்தரிடமிருந்து பெற்ற கேசத்தை ஒரு பேழையில் வைத்துப் பத்திரமாகக் கொண்டு திரிந்தார்களாம். ஒரு கடற் பிரயாணத்தில் தண்ணீருக்கும் விறகுக்கும் இந்தக் கரையில் இறங்கினார்கள். பேழையை மலை உச்சியில் வைத்துவிட்டு, சமைத்துச் சாப்பிட்டார்கள். திரும்பி வந்து தூக்கப் பார்த்தால் பேழை அசையவில்லை. எவ்வளவு முயன்றும் முடியவில்லை. கடைசியில் அதற்கு மரியாதை செய்து, கற்களால் மூடிவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டார்கள். 13ஆம் நூற்றாண்டுச் சிங்கள நூலான பூஜாவலிய இதைச் சொல்கிறது. அதே இரு வணிகர்கள் அந்தக் கேசத்தைக் கொண்டு போனது தங்கள் நாட்டுக்கு என்றும், அது யாங்கூன் நகரின் ஷ்வேடகொன் தூபியில் இருக்கிறது என்றும் பர்மியர்கள் சொல்கிறார்கள்.

இந்தக் கதையில் உள்ள நம்பிக்கை அதை நம்புகிறவர்களுடையது. அதை மதித்து அப்படியே விடுவோம். வியாபாரி என்ற முறையில் எனக்கு அதில் படுவது வேறு விஷயம். அங்கே கள்வன் வரவில்லை. மழை நனைக்கவில்லை. கப்பல் கவிழவில்லை. பொருள் கண் முன்னால் இருக்கிறது, சொந்தக்காரர்கள் பக்கத்திலேயே நிற்கிறார்கள். ஆனால் அது அவர்கள் கைக்கு வரவில்லை.

நட்டங்களைப் பற்றி நாம் பேசும்போது களவு, தீ, வெள்ளம், ஏமாற்று என்றுதான் கணக்குப் போடுகிறோம். சொந்தப் பொருள் பத்திரமாக இருந்தும் வேண்டிய நேரத்தில் கைக்கு எட்டாமல் போவதும் நட்டம்தான். இதற்குக் காப்புறுதி எடுப்பவரும் இல்லை, பொலிஸில் முறைப்பாடு எழுதுபவரும் இல்லை. ஆகவே கணக்கிலும் வருவதில்லை.

ஒரு பூட்டின் விலை

எனக்கு நன்கு பழக்கமான ஒரு துணி வியாபாரி. வருடத்தில் நாலைந்து தடவை சென்னைக்குப் போய் வருபவர். ஒரு முறை பெருநாள் சரக்கு எடுக்கப் போயிருக்கிறார். விடியற்காலையில் ஹோட்டல் அறைக்கு வந்து பெட்டியைத் திறந்தால் நம்பர் பூட்டு திறக்கவில்லை. எத்தனையோ வருடமாகப் போடுகிற அதே இலக்கம். உள்ளே ஓர்டர் கொப்பி, துணி மாதிரிகள், போனுக்கு சார்ஜ் ஏற்றும் வயர், சீனி வருத்தத்துக்கு எடுக்கும் மருந்து எல்லாம். போனில் சார்ஜ் இல்லை. சவுக்கார்பேட்டை மொத்த வியாபாரியின் நம்பர் அந்தப் போனுக்குள்ளேயே இருக்கிறது. பத்து மணிக்குப் போவதாகச் சொன்னவர் பூட்டுக்காரரைத் தேடிப் பிடித்து, பெட்டியைத் திறந்து, போய்ச் சேரும்போது பின்நேரம் இரண்டு மணி. அவர் கேட்டு வைத்திருந்த நிறங்களில் பாதி இன்னொருவருக்குப் போய்விட்டது.

ஊர் வந்ததும் அவர் என்னிடம் சொன்னார்: "காக்கா, கள்வன் எடுத்திருந்தாலும் மனசு ஆறும். இது என்ட பேக், என்ட பூட்டு, என்ட சாமான். நானே வெளியில நிக்கிறன்."

பூட்டின் விலை சில நூறு ரூபாய். ஆனால் அந்த வருடப் பெருநாள் வியாபாரத்தில் அவருக்கு விழுந்த துண்டு அதைப் போல் எத்தனையோ மடங்கு.

அவருடைய பூட்டுக்கு என்ன நடந்தது? இத்தகைய பூட்டுகளில் இலக்கத்தை மாற்றுவதற்கென்று ஒரு சிறு பொத்தானோ நெம்பியோ இருக்கும். பூட்டு திறந்திருக்கும் நேரத்தில் அது தட்டுப்பட்டு, சக்கரமும் ஒரு பல் நகர்ந்துவிட்டால் புதிய இலக்கம் பதிந்துவிடும். நமக்குத் தெரியாமலே நமது பெட்டிக்கு வேறு இலக்கம் வந்துவிடுகிறது.

இப்படியான நேரத்தில் சுத்தியலைத் தேடாதீர்கள். முதலில் உங்கள் இலக்கத்தின் ஒவ்வொரு சக்கரத்தையும் ஒன்று கூட்டியும் ஒன்று குறைத்தும் பாருங்கள். மூன்று சக்கரப் பூட்டில் இப்படி வருவது பழைய இலக்கத்தோடு சேர்த்து 27 சேர்க்கைகள்தான். அதிலும் திறக்காவிட்டால் 000 முதல் 999 வரை வரிசையாகப் பார்க்கலாம். மொத்தம் 1,000. ஒன்றுக்கு இரண்டு வினாடி என்றால் முழுவதையும் பார்க்க 34 நிமிடம் போதும். நான்கு சக்கரம் என்றால் 10,000 சேர்க்கைகள், ஐந்தரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். அப்போது பூட்டுக்காரர்தான் வழி. ஹோட்டல் அறையில் இருக்கும் சிறு லொக்கர் திறக்காவிட்டால் வரவேற்பு மேசையில் சொல்லுங்கள். அதைத் திறக்க நிர்வாகத்திடம் வேறு வழி வைத்திருப்பார்கள்.

ஒரு நிமிடம். 34 நிமிடத்தில் நீங்கள் திறக்கலாம் என்றால் அடுத்தவனும் திறக்கலாம்தானே? ஆம். அதுதான் நான் அடுத்து சொல்ல வருவது.

பூட்டு எதற்கு?

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் விமானத்தில் ஏற்றும் எல்லாப் பெட்டிகளையும் சோதிக்கும் முறை வந்தது. சந்தேகப்பட்ட பெட்டி பூட்டியிருந்தால் அதிகாரிகள் பூட்டை உடைத்துத் திறந்தார்கள். பிரயாணிகள் முறையிட்டார்கள். இதற்கு மாற்றாக 2003இல் டிராவல் சென்ட்ரி என்ற நிறுவனம் ஒரு ஏற்பாட்டைக் கொண்டு வந்தது. சிவப்பு நிற வைர அடையாளம் போட்ட பூட்டுகள் அவை. இன்று நமது கடைகளில் விற்கும் பல சூட்கேஸ்களிலும் அந்த அடையாளத்தைக் காணலாம். இலக்கத்தை நீங்கள் வைத்திருப்பீர்கள். பக்கத்தில் உள்ள சிறு துவாரத்துக்குரிய பொதுத் திறப்பு பாதுகாப்பு அதிகாரிகளிடம் இருக்கும். உடைக்காமல் திறந்து பார்த்து, திரும்பப் பூட்டிவிடுவார்கள்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் 2014இல் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை ஒரு கட்டுரையோடு அந்தப் பொதுத் திறப்புகளின் படத்தைப் போட்டுவிட்டது. 2015இல் அந்தப் படத்தைப் பார்த்தே சிலர் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் திறப்புகளை வார்த்துக் காட்டினார்கள். உலகம் முழுவதும் கோடிக்கணக்கான பெட்டிகளுக்குப் பொதுவான திறப்பின் வடிவம் யாரும் எடுக்கக் கூடியதாகிவிட்டது. இது போதாதென்று, ஸிப் வைத்த துணிப் பெட்டி என்றால் பூட்டையே தொடத் தேவையில்லை. ஸிப் பற்களுக்கு நடுவில் ஒரு பேனா முனையைக் குத்தினால் பிரிந்துவிடும். பூட்டிய தலைப்பை முன்னும் பின்னும் இழுத்தால் பற்கள் மறுபடி சேர்ந்து கொள்ளும். திறந்த அடையாளமே தெரியாது.

ஆகவே பிரயாணப் பெட்டியின் பூட்டு, வழியில் பெட்டி தானாகத் திறந்து கொள்ளாமல் இருக்கவும், போகிற போக்கில் கைவிட நினைப்பவனைத் தடுக்கவும் மட்டும்தான். அதை இரும்புப் பெட்டியாக நினைத்துப் பணத்தையும் பத்திரத்தையும் உள்ளே வைப்பவர் இரண்டு பக்கமும் தோற்கிறார். எடுக்க நினைத்தவன் எடுத்துவிடுகிறான். எடுக்க வேண்டிய நேரத்தில் சொந்தக்காரரால் எடுக்க முடியவில்லை.

பெட்டி தொலைந்தாலும் உடைந்தாலும் விமான நிறுவனம் தரும்தானே என்று சிலர் நினைக்கிறார்கள். எவ்வளவு தரும் என்பதைத் தெரிந்து கொள்ளுங்கள். 1999ஆம் ஆண்டின் மொன்ட்ரியல் உடன்படிக்கையின்படி, பெட்டிக்கு விமான நிறுவனம் கொடுக்க வேண்டிய நட்டஈட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பிரயாணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். எஸ்.டி.ஆர் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. அந்த வரம்பு சுமார் 2,000 அமெரிக்க டொலர் அளவில் வரும். பெட்டிக்குள் இருபதாயிரம் டொலர் சரக்கு இருந்தாலும், முன்கூட்டியே பெறுமதியைச் சொல்லி மேலதிகக் கட்டணம் கட்டியிருந்தாலொழிய, வரம்பு அதுதான். அதையும் நட்டத்தை நிரூபித்துத்தான் பெற வேண்டும். பணம், நகை, பத்திரங்கள் போன்றவற்றைப் பெட்டியில் வைக்க வேண்டாம் என்று பல விமான நிறுவனங்கள் தங்கள் நிபந்தனைகளிலேயே எழுதி வைத்திருக்கின்றன.

அதேபோல முறைப்பாட்டுக்கும் காலக்கெடு உண்டு. பெட்டி சேதமாகி வந்தால், கையில் கிடைத்த நாளிலிருந்து 7 நாட்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தாமதமாக வந்தால் 21 நாட்களுக்குள். 'ஊருக்குப் போய் ஆறுதலாகப் பார்ப்போம்' என்று இருந்தால் உரிமை போய்விடும். விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன் அங்கேயே எழுதிக் கொடுத்து, ஒரு பிரதியை வாங்கி வையுங்கள்.

போன் சார்ஜ் ஏற்றும் பவர் பேங்கையும் பூட்டிய பெட்டியில் வைக்கக் கூடாது. லித்தியம் பெட்டரி தீப்பிடிக்கக் கூடியது என்பதால் அது கைப்பையில் மட்டும்தான் போகலாம். சோதனையில் தெரிந்தால் பெட்டி தனியாக ஒதுக்கப்படும், திறக்கப்படும், நீங்கள் போன விமானத்தில் அது வராமலும் போகலாம். பெட்டரி கழற்ற முடியாத 'ஸ்மார்ட்' சூட்கேஸ்களைப் பல விமான நிறுவனங்கள் 2018 ஜனவரியிலிருந்து ஏற்றுவதில்லை. காசு கொடுத்து வாங்கிய பெட்டியை விமான நிலையத்தில் விட்டுப் போகும் நிலை வரலாம்.

திறக்க முடியாத பெட்டியைச் சுமக்காதீர்கள்

இன்னொரு வகைப் பூட்டு இருக்கிறது. அது இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது. அடுத்தவர் பூட்டிக் கொடுக்கும் பெட்டி.

"தம்பி, நீங்க போற பக்கம்தானே, இந்த ஒரு பார்சலைக் கொண்டு போய்க் குடுங்க. அங்க ஆள் வந்து எடுப்பாங்க." இந்த வார்த்தையைக் கேட்காத வியாபாரி நம்மில் இல்லை. அறிமுகமானவர் கேட்கிறார். முகத்தை முறிக்க முடியவில்லை. பார்சல் சுற்றி, டேப் ஒட்டி வந்திருக்கிறது. பிரித்துப் பார்த்தால் சந்தேகப்படுகிறோம் என்று நினைப்பாரே என்று அப்படியே சூட்கேஸில் போட்டுக் கொள்கிறோம். சென்னையில் இப்படிச் சாமான் கொண்டு போய் வருபவர்களுக்குக் 'குருவி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

சுங்கத்தில் கேட்கும் கேள்வி 'இது யாருடையது?' என்பதல்ல, 'இதை நீங்கள்தான் அடுக்கினீர்களா?' என்பது. பெட்டி யார் பெயரில் வந்ததோ அவரிடம்தான் முதலில் விசாரணை. உள்ளே தங்கம் இருந்தால் ஒரு வழக்கு. போதைப்பொருள் இருந்தால் வாழ்க்கையே போய்விடும். சவூதி அரேபியாவில் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை உண்டு. 'எனக்குத் தெரியாது' என்று சொல்வது எளிது, அதை நிரூபிப்பது எளிதல்ல.

என் கருத்து இதுதான். நீங்கள் திறந்து பார்க்க முடியாத எதையும் உங்கள் பெயரில் ஏற்றாதீர்கள். பார்சல் தருபவர் முன்னாலேயே திறந்து, பார்த்து, பிறகு வையுங்கள். அதற்குக் கோபப்படுகிறவர் என்றால் அந்தக் கோபமே உங்களுக்குப் பதில். அமானிதம் என்பது கண்ணை மூடிக் கொண்டு சுமப்பதல்ல. என்ன பொருள், எவ்வளவு, யாருக்கு என்று தெரிந்து பொறுப்பேற்பதுதான் அமானிதம்.

கரையில் நின்ற திறப்பு

இனி பெட்டியை விட்டுக் கொஞ்சம் பெரிய இடத்துக்குப் போவோம்.

1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் நிற்கிறது. புறப்படும் தறுவாயில் அதிகாரிகளில் ஒரு மாற்றம் செய்கிறார்கள். டேவிட் பிளேயர் என்ற அதிகாரி இறக்கப்படுகிறார். போகிற அவசரத்தில் ஒரு திறப்பு அவரோடு கரையிலேயே தங்கிவிட்டது. பாய்மரத்தில் உள்ள காவற்கூண்டுக்குரிய திறப்பு அது. ஏப்ரல் 14 இரவு பனிப்பாறையைக் கண்ட காவலாளியிடம் தொலைநோக்கி இல்லை. தொலைநோக்கி இருந்திருந்தால் சற்று முன்பே பார்த்திருப்பேன் என்று அந்தக் காவலாளி பிரெட் பிளீட் பிறகு விசாரணையில் சொன்னார். ஏறக்குறைய 1,500 பேர் உயிரிழந்தார்கள். ஒரு திறப்புத்தான் கப்பலை மூழ்கடித்தது என்று நான் சொல்லவில்லை. வேறு காரணங்கள் பல. ஆனால் ஆள் மாறும்போது திறப்பும் கைமாற வேண்டும் என்ற சின்ன ஒழுங்கு, அவ்வளவு பெரிய கப்பலிலும் தவறிப் போனது. அந்தத் திறப்பு 2007இல் 90,000 பவுணுக்கு ஏலம் போனது.

அண்மைக் காலத்து உதாரணம் இன்னும் நமக்கு நெருக்கமானது. கனடாவில் குவாட்ரிகா என்ற பெயரில் டிஜிட்டல் நாணயம் வாங்கி விற்கும் நிறுவனம் இருந்தது. அதன் முதலாளி ஜெரால்ட் கொட்டன். 2018 டிசம்பரில் இந்தியாவுக்குப் பிரயாணம் வந்தவர், ஜெய்ப்பூரில் நோய்வாய்ப்பட்டு இறந்துவிட்டார். வயது 30. வாடிக்கையாளர்களின் நாணயங்கள் இருந்த டிஜிட்டல் பெட்டகத்தின் பாஸ்வேர்ட் அவருக்கு மட்டும்தான் தெரியும் என்றார்கள். கணினி இருக்கிறது, நிறுவனம் இருக்கிறது, மனைவி இருக்கிறார். திறக்க ஆளில்லை.

பிறகு நடந்ததுதான் முக்கியம். கணக்காய்வாளர்கள் தேடிப் பார்த்தபோது அந்தப் பெட்டகங்களில் பெரும்பாலானவை அவர் இறப்பதற்குப் பல மாதங்களுக்கு முன்பே காலியாக இருந்தது தெரிய வந்தது. ஒண்டாரியோ மாகாணத்தின் பங்குச்சந்தை ஆணையம் 2020 ஜூனில் வெளியிட்ட அறிக்கையில், இது மோசடி என்று சொன்னது. 76,000க்கு மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்கு 21.5 கோடி கனேடிய டொலர் வர வேண்டியிருந்தது.

இதில் இரண்டு பாடம். ஒருவர் கையில் மட்டும் திறப்பு இருந்தால், அவருக்கு ஏதாவது ஆனால் எல்லோரும் வெளியில் நிற்கிறார்கள். அதைவிடப் பெரியது, ஒருவர் கையில் மட்டும் திறப்பு இருந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்பதே மற்றவர்களுக்குத் தெரியாது. நேர்மையானவருக்கும் இது நல்லதல்ல. நாளைக்கு ஒரு சந்தேகம் வந்தால், 'எல்லாம் சரியாகத்தான் இருந்தது' என்று அவருக்காகச் சாட்சி சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார்.

நமது கடைகளின் நிலை

இப்போது நமது கடைகளைப் பாருங்கள். இரும்புப் பெட்டியின் திறப்பு முதலாளியின் இடுப்பில். காசோலையில் கையெழுத்துப் போடுபவர் அவர் ஒருவர்தான். வங்கி அனுப்பும் இரகசிய இலக்கம் வருவது அவருடைய போனுக்கு. யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்பது அவருடைய தலைக்குள். கொப்பியில் எழுதியிருந்தாலும் 'சின்னவர் 40', 'பாலத்தடி 15' என்று அவருக்கு மட்டும் விளங்கும் குறிப்பு. அந்த 40 என்பது நாற்பது ரூபாயா, நாற்பதாயிரமா, நாற்பது மூடை அரிசியா, யாருக்கும் தெரியாது.

இந்த முதலாளி ஹஜ்ஜுக்குப் போகிறார், ஒரு மாதத்துக்கு மேல் ஊரில் இல்லை. அல்லது சீனாவுக்குச் சரக்கெடுக்கப் போகிறார், போன இடத்தில் போன் வேலை செய்யவில்லை. புறக்கோட்டை மொத்த வியாபாரிக்குக் கொடுத்த காசோலை வங்கிக்கு வருகிறது. கணக்கில் பணம் போட வேண்டும். பணம் இரும்புப் பெட்டியில் இருக்கிறது, திறப்பு அவரோடு ஆகாயத்தில். காசோலை திரும்புகிறது. இருபது வருடம் கட்டிக் காத்த பெயர் ஒரு நாளில் கெட்டுப் போகிறது.

இது போய்த் திரும்பி வரும் பிரயாணம். திரும்பி வராத பிரயாணமும் எல்லோருக்கும் உண்டு. முதலாளி மௌத்தான பிறகு கடன் கொடுக்க வேண்டியவர்கள் எல்லோரும் வாசலுக்கு வருகிறார்கள். கடன் தர வேண்டியவர்களில் பலர் வருவதில்லை. மனைவிக்கு எந்த வங்கியில் எத்தனை கணக்கு என்று தெரியாது. பிள்ளைக்குச் சரக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. நன்றாக ஓடிக் கொண்டிருந்த கடை ஒரு வருடத்துக்குள் பூட்டப்படுவதை நம் ஊர்களில் நாம் பார்க்கிறோம். 'பிள்ளைகளுக்குத் திறமை போதாது' என்று பேசிக் கொள்கிறோம். பிள்ளைகளுக்குத் திறப்பே கொடுக்கப்படவில்லை என்பதை யோசிப்பதில்லை.

'இரண்டாவது திறப்பை ஒருவரிடம் கொடுத்தால் களவுக்கு நாமே வழி விட்ட மாதிரி ஆகாதா?' என்று கேட்பார்கள். நியாயமான பயம்தான். தம்பியை நம்பிக் கொடுத்துக் கெட்டவர்களும் உண்டு. ஆனால் இதற்கு வங்கிகள் எப்போதோ விடை கண்டுபிடித்துவிட்டன. வங்கியின் பெரிய பெட்டகத்தை ஒரே அதிகாரி திறக்க முடியாது. இரண்டு பேரிடம் இரண்டு திறப்பு. இருவரும் சேர்ந்தால்தான் திறக்கும். அவர்களில் ஒருவர் லீவில் போனால் திறப்பைப் பதிவேட்டில் எழுதி இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுத்தான் போகலாம். நம்பிக்கை இல்லாததால் மட்டும் செய்த ஏற்பாடு அல்ல இது. நல்ல மனிதர் மேல் வீண் பழி விழாமல் காப்பதும் இதுதான்.

நமது கடைக்கும் இதைச் சின்ன அளவில் செய்யலாம். இரும்புப் பெட்டிக்கு வெளியே இன்னொரு ஆமைப்பூட்டு போட்டு, ஒன்றின் திறப்பு மகனிடம், மற்றதன் திறப்பு மனைவியிடம் இருக்கட்டும். பாஸ்வேர்ட்களையும் கணக்கு விபரங்களையும் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையெழுத்து வைத்து, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள். திரும்பி வந்ததும் உறை ஒட்டியபடியே இருக்கிறதா என்று பார்த்துக் கொள்ளலாம்.

திரியாய் மலையில் ஒரு பாறைக் கல்வெட்டும் இருக்கிறது. பல்லவ கிரந்தத்தை ஒத்த எழுத்தில், சமஸ்கிருதத்தில் வெட்டியது. 7ஆம் அல்லது 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கருதப்படுகிறது. பேராசிரியர் செனரத் பரணவிதான அதை வாசித்து வெளியிட்டார். அந்தத் தூபியோடு தொடர்புள்ள வணிகர் குழுக்களின் பெயர் அதில் இருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு மேலாகியும் அந்த வியாபாரிகளின் பெயர் நமக்குத் தெரிவது, எவரும் வாசிக்கக் கூடியதாக அன்று யாரோ எழுதி வைத்ததால்தான். நமது கணக்கும் அப்படி இருக்க வேண்டும். நமக்கு மட்டும் விளங்கும் கணக்கு, பூட்டிய பெட்டிக்குச் சமம்.

செய்ய வேண்டியவை

பிரயாணம் போகுமுன் இவற்றைச் செய்துவிடுங்கள்.

பெட்டியின் இரண்டு திறப்புகளையும் ஒரே வளையத்தில் கோர்க்காதீர்கள். ஒன்று உங்கள் சட்டைப் பையில், மற்றது கூட வருபவரிடம் அல்லது கைப்பையில். ஒரு திறப்பை அதே பெட்டிக்குள் வைத்துப் பூட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

நம்பர் பூட்டு என்றால், பெட்டி திறந்திருக்கும்போதே பூட்டை மட்டும் தனியாகப் பூட்டித் திறந்து பாருங்கள். இலக்கத்தை வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.

கடவுச்சீட்டு, பணம், மருந்து, போன் வயர், ஓர்டர் கொப்பி, ஒரு நாள் மாற்றுடுப்பு ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். பெட்டி ஒரு நாள் வராவிட்டாலும், திறக்காவிட்டாலும் அன்றைய வியாபாரம் நடக்க வேண்டும்.

முக்கியமான நாலைந்து தொலைபேசி நம்பர்களைக் காகிதத்தில் எழுதிக் கைப்பையில் வையுங்கள். போனுக்குள் மட்டும் இருக்கும் நம்பர், போன் செத்தால் உதவாது.

வங்கியின் இரகசிய இலக்கம் வெளிநாட்டில் உங்களுக்குக் கிடைக்குமா என்று புறப்படுமுன் வங்கியிலும் தொலைபேசி நிறுவனத்திலும் கேட்டு உறுதி செய்யுங்கள்.

நீங்கள் இல்லாத நாட்களில் வரப்போகும் காசோலைகளின் பட்டியலை எழுதி, கடையைப் பார்ப்பவரிடம் கொடுங்கள். முடிந்தால் இரண்டாவது கையெழுத்துக்கு ஒருவரை வங்கியில் பதிந்து வையுங்கள்.

கொடுக்க வேண்டியது, வர வேண்டியது இரண்டையும் முழுப் பெயர், முழுத் தொகை, திகதியோடு எழுதுங்கள். உங்கள் மனைவியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவருக்கு விளங்காத வரியை அன்றே திருத்துங்கள்.

இவற்றில் பெரிய செலவு பிடிக்கும் வேலை ஒன்றும் இல்லை. ஒரு மாற்றுத் திறப்பு வெட்ட ஆகும் காசும், இரவில் ஒரு மணி நேரமும் போதும். ஆனால் நாம் இதைத் தள்ளிப் போடுவது செலவுக்காக அல்ல. எல்லாத் திறப்பும் நம் கையில் இருப்பதில் ஒரு பெருமை இருக்கிறது. 'நான் இல்லாவிட்டால் கடை ஓடாது' என்று சொல்லிக் கொள்வதில் ஒரு சந்தோசம் இருக்கிறது. அந்தச் சந்தோசத்துக்கு விலை கொடுப்பவர்கள் நாமல்ல, நமக்குப் பின்னால் கடையில் நிற்கப் போகிறவர்கள்.

நான் இல்லாத நாளிலும் கடை திறக்க வேண்டும். காசோலை மாற வேண்டும். வாடிக்கையாளர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. அப்படி ஓடும் கடைதான் நன்றாக நடத்தப்பட்ட கடை என்பது என் எண்ணம். அடுத்த பிரயாணத்துக்குப் பெட்டி கட்டும்போது, பூட்டை இழுத்துப் பார்ப்பதோடு நிறுத்தாமல், 'நான் இல்லாவிட்டால் இதை யார் திறப்பார்?' என்று ஒரு தடவை கேட்டுக் கொள்ளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் அன்றைக்கே ஒரு திறப்பு வெட்டக் கொடுங்கள்.